இருபதுக்கு மறுநாள்

ஐந்தாம் எண் சன்னலிலிருந்து கண் மருத்துவரின் அறைக்கு நாற்பத்திரண்டு காலடி. அந்த நாற்பத்திரண்டு காலடியைக் கடக்க, அந்த ஆண்டு ஒரு நோயாளிக்கு ஆன காலம் இருநூற்றுப் பதின்மூன்று நாள்.

சன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து அந்த நாளைக் குறித்துக் கொடுப்பவர் மறுநாள் அக்கா. இந்தப் பட்டப்பெயரைக் கேட்டதும், எதற்குப் போனாலும் "நாளைக்கு வா" என்று விரட்டுகிற ஆள் போலிருக்கிறது என்று புதிதாக வருகிறவர்கள் மிரள்வார்கள். அரசாங்கச் சன்னல்களில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சம் இல்லைதான். ஆனால் இவருக்கு அந்தப் பெயர் வந்தது ஒரு தவறால். அதுவும் அவரே செய்த தவறு.

வயது நாற்பத்தேழு. கணவர் லிப்ட் மெக்கானிக். ஒரே மகள் வெளியூரில் படிக்கிறாள். மருத்துவமனையில் இருபத்திரண்டு வருட வேலை. முதல் ஒன்பது வருடம் கோப்பு அறையில் தும்மிக்கொண்டும், மிச்சம் பதின்மூன்று வருடம் இந்தச் சன்னலில் தொண்டை வறண்டும் போயிற்று. மேசையில் ஒரு தொலைபேசி, ஒரு கணினி, தண்ணீர் பாட்டில். எதிரே கண்ணாடி, அதில் ஒரு வட்ட ஓட்டை. எந்தப் புண்ணியவான் அளவெடுத்தாரோ, ஓட்டை இடுப்பு உயரத்தில் இருக்கிறது. பேச வருகிறவர் குனிந்தே ஆக வேண்டும். அக்கா வேலைக்கு உட்கார்ந்த முதல் மாதமே மருத்துவமனைத் தச்சரைப் பிடித்துத் தன் நாற்காலியின் நான்கு கால்களையும் நான்கு விரல் அறுக்கச் சொல்லிவிட்டார். "கேக்குறவங்க குனியுறாங்க, பதில் சொல்றவ நிமிர்ந்து உக்காந்தா நல்லாவா இருக்கு?" என்பது அவர் நியாயம்.

கண் பிரிவில் ஐந்து மருத்துவர்கள் இருக்க வேண்டும். இருப்பவர்கள் இரண்டு பேர். புதிய நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு இருபத்து நான்கு இடம். காலை எட்டு மணிக்குத் தொலைபேசி திறக்கும். கேட்பவரின் பெயர், எண், ஆரம்ப சுகாதார நிலையத்துக் கடிதத்தின் விவரம் எல்லாம் வாங்கிக்கொண்டு அக்கா தேதி சொல்வார். குறுஞ்செய்தி போகும் வசதி இரண்டு வருடமாக வந்துகொண்டே இருக்கிறது. இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே அவர் வாய்ச்சொல்தான் சீட்டு.

திட்டு வாங்குவது தினசரிப் படி. ஒருமுறை ஒரு பெரியவர் ஓட்டைக்குள் வாயை வைத்து, "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடமாட்டேங்குறாளே" என்றார். அக்கா தொலைபேசியைத் தட்டிக் காட்டினார். "வரம் என்கிட்ட இருந்தா தட்டோட குடுத்துருவேன் பெரியவரே. பூசாரிகிட்ட மணி மட்டும்தான் இருக்கு." திட்ட வந்தவர் சிரித்துவிட்டுத் தேதி வாங்கிப் போனார்.

கதை தொடங்கியது ஒரு புதன்கிழமை, இருபத்தொன்பதாம் தேதி.

கூடத்தில் முந்நூறு பேர். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பேருந்து ஓட்டுநர், சவரம் செய்த முகமும் தேய்த்த சட்டையுமாக, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி சன்னலில் குனிந்தார். கடிதத்தை நீட்டினார். அக்கா கணினியைப் பார்த்தார். அவர் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று சிவப்பில் இருந்தது.

"அண்ணே, உங்களுக்கு இருபத்தொண்ணு."

"ஆமா மேடம், இருபத்தொம்போது. இன்னிக்குத்தானே?"

"ஒம்போது இல்லண்ணே. ஒண்ணு. போன வாரம் செவ்வாய்க்கிழமை."

"ஒண்ணா? இருபத்தொம்போதுன்னுதானே சொன்னீங்க. காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேனே!"

வரிசையில் பின்னால் நின்றவருக்குப் பொறுமை போயிற்று. "யோவ், இங்க என்ன வாய்ப்பாடு வகுப்பா நடக்குது? நகருய்யா."

ஓட்டுநர் நகரவில்லை. குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, நான் வண்டிய விட்டு இறங்கி எட்டு மாசமாச்சு. பக்கவாட்டுல எதுவும் தெரியல. சைடு கண்ணாடி இருக்கு, அதப் பாக்குற கண்ணு இல்ல. நானே போய்ச் சாவியக் குடுத்துட்டேன். இப்ப டிப்போவுல வண்டி கழுவுறேன். வலது கண்ணு போன மாதிரிதான். இடது கண்ணையாவது காப்பாத்திக்கலாம்னு இந்தத் தேதிய எண்ணிக்கிட்டு இருந்தேன்."

தேதி தவறியவருக்கு விதி ஒன்றுதான்: வரிசையின் கடைசி. மறுபடி இருநூற்றுப் பதின்மூன்று நாள். அக்காவின் விரல் பொத்தான் மேல் நின்றது; அழுத்தவில்லை. "போயிடாதீங்க அண்ணே. அந்த பெஞ்சுல உக்காருங்க" என்றார்.

நடுவே ஐந்து நிமிடம் கிடைத்தபோது கடிதத்தை எடுத்துக்கொண்டு கண் பிரிவு சிஸ்டரிடம் ஓடினார். சிஸ்டர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கண்ணுக்குள்ள அழுத்தம்க்கா. போன பார்வை திரும்பாது. மிச்சத்தக் காப்பாத்தலாம். இந்தச் சொட்டு மருந்து ஒரு மாசம் தாங்கும். ஏழு மாசம் சத்தியமா தாங்காது."

"அவசரப் பிரிவுல காட்டினா?"

"வலி இல்ல, செவப்பு இல்ல. எடுக்க மாட்டாங்க. இந்த வியாதி சத்தம் போடாதுக்கா. அதான் இதுக்கு வரிசை."

அக்கா திரும்பி வந்து ஓட்டுநரிடம் உள்ளதைச் சொன்னார். மறுநாள் மதியம் வரச் சொன்னார். ஓட்டுநர் எழுந்துகொண்டே, "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்வாங்க. இங்க கண் கெட்ட பிறகுதான் டாக்டர் நமஸ்காரம் போல" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் அக்காவுக்குத் தாங்கியிருக்கும். அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்.

இரண்டு மணிக்குச் சன்னலை மூடியதும் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. பழைய பட்டியல்களை எடுத்தார். சாதாரண நாளில் இருபத்து நான்கு பேரில் மூன்று நான்கு பேர் வராமல் போவார்கள்; அந்த இடங்கள் வார்டிலிருந்து வருகிற நோயாளிகளுக்குப் போய்விடும். போன ஆறு மாதத்து இருபத்தொன்றாம் தேதிகளைப் பார்த்தார். எட்டு பேர். ஒன்பது பேர். பதினொரு பேர். மருத்துவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாள்கள் அவை. எட்டு நாள் கழித்து அதே ஆட்கள் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு சன்னலுக்கு வந்து, ஏச்சு வாங்கிக்கொண்டு, வரிசையின் கடைசிக்குப் போயிருக்கிறார்கள். மறதிக்காரர்கள் என்றுதான் இத்தனை நாளும் எல்லாரும் நினைத்தார்கள். அக்காவும்தான்.

அன்று மாலை வீட்டில் ஒரு சோதனை நடந்தது. கூடத்து இரைச்சலுக்குப் பதிலாகச் சமையலறைக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, அக்கா அங்கிருந்து கைப்பேசியில் இருபத்தொன்றையும் இருபத்தொன்பதையும் மாற்றி மாற்றிச் சொன்னார். கணவர் மாடிப்படியில் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து, காதில் விழுந்ததை எழுதினார்.

பத்துக்கு ஆறு தப்பு.

"இருபத்தொ வரைக்கும்தான் கேக்குது. அதுக்கு மேல தண்ணிதான் கேக்குது" என்றார் கணவர். "நல்லவேளை, நம்ம கல்யாணத் தேதி அஞ்சு. இல்லன்னா நான் எட்டு நாள் கழிச்சு வந்து நின்னிருப்பேன்."

"வந்திருந்தா உங்களுக்கும் வரிசையில கடைசி இடம்தாங்க."

சிரிப்பு அடங்கியதும் அக்கா குழாயை மூடினார். கணவர் நல்ல மெக்கானிக். கோளாறு எங்கே என்று தெரிந்ததும் அடுத்து என்ன என்று யோசிக்கிறவர். "அப்ப அடுத்த மாசம் இருபத்தொண்ணாம் தேதியும் எட்டு ஒம்போது பேரு வரமாட்டாங்க, இல்லையா? நீ ஒண்ணும் செய்ய வேணாம். பேசாம இரு. சீட்டு தானா காலியாகும். அதுல ஒண்ணுல உன் டிரைவர உக்கார வை."

அக்காவுக்கும் அது தோன்றாமல் இல்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் ஓட்டுநருக்குக் கண் கிடைக்கும். திறந்தால் அந்த ஒன்பது பேரும் சரியாக வந்து உட்காருவார்கள். ஓட்டுநருக்கு இடம் இருக்காது.

"அந்த ஒம்போது பேரும் எட்டு நாள் கழிச்சு என் சன்னலுக்குத்தானே வருவாங்க" என்றார் அக்கா. "அவங்க மூஞ்சிய எப்படிங்க பாக்குறது?"

மறுநாள் இரண்டு மணிக்குச் சன்னலை மூடிவிட்டு, அடுத்த மாதம் இருபத்தொன்றாம் தேதிப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு அழைக்கத் தொடங்கினார். ஓட்டுநர் சொன்னபடி வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஓட்டை வழியாக ஒவ்வொரு பேச்சும் அவர் காதில் விழுந்தது.

"கண் பிரிவிலேருந்து பேசறேன். உங்க தேதி என்னன்னு நீங்களே சொல்லுங்க பார்ப்போம்... இல்லைங்க, இருபத்தொம்போது இல்ல."

ஒருவர் நன்றி சொன்னார். ஒருவர், "முன்னாடியே ஒழுங்கா சொல்றதுக்கு என்ன கேடு?" என்று போனை வைத்தார். ஐந்தாவது அழைப்பிலேயே அக்காவுக்குப் புரிந்துவிட்டது, 'ஒன்று' என்று கத்துவதில் பயனில்லை என்று. பத்து வினாடி யோசித்தார். அடுத்த ஆளிடம் வேறு மாதிரி சொன்னார்: "இருபதுக்கு மறுநாள். வியாழக்கிழமை." அந்தப் பக்கம் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டது.

இருபத்து மூன்று பேரை அழைத்து முடித்தபோது, ஒன்பது பேர் இருபத்தொன்பது என்று நினைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. எல்லாரையும் திருத்தியாயிற்று. எல்லாரும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

ஓட்டுநர் எழுந்து வந்து குனிந்தார். "வண்டி ஃபுல்லா, தங்கச்சி?"

"ஒரு நம்பர் பாக்கி இருக்குண்ணே. பிஸின்னே வருது."

"பரவால்ல. நான் இத்தனை வருஷம் எத்தனை பேர ஸ்டாப்புல விட்டுட்டுப் போயிருப்பேன்."

கடைசி எண் ஒரு தையல்கார அம்மாவுடையது. ஏழாவது முயற்சியில் எடுத்தார். பின்னால் இயந்திரம் தடதடத்தது.

"தேதியா? எனக்கு ரெண்டு தேதி இருக்கும்மா" என்றார் தையல்காரர், பெருமையாக.

"ரெண்டா?"

"நீ சொன்னது ஒண்ணா ஒம்போதான்னு எனக்குத் தெரியல. திருப்பிக் கேட்டா வள்ளுன்னு விழுவியோன்னு பயம். அதான் ஒரு வாரம் கழிச்சு என் மக போன்லேருந்து அடிச்சு இன்னொண்ணு கேட்டேன். இந்தத் தடவ இருபத்தொம்போதுன்னு தெளிவா கேட்டுச்சு. ஆக ஒண்ணும் இருக்கு, ஒம்போதும் இருக்கு. எதுக்கும் இருக்கட்டுமேன்னு ரெண்டையும் வச்சிருக்கேன். தப்பாம்மா?"

அக்கா நாற்காலியில் நிமிர்ந்தார். "தப்பே இல்லம்மா. உங்களுக்கு எது வேணும்?"

"ஒம்போதே போதும். அன்னிக்கு வெள்ளிக்கிழமை, கடை லீவு. ஒண்ண நீயே எடுத்துக்க."

அக்கா எடுத்துக்கொண்டார். ஆனால் காலியான இடத்தைத் தானாக ஒருவருக்குக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. பட்டியலோடு கண்காணிப்பாளர் அறைக்குப் போனார். கண்காணிப்பாளர் கெட்ட மனிதர் இல்லை. விதிப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறவர், அவ்வளவுதான்.

"காலி இடம் வரிசையில அடுத்த ஆளுக்கு. தேதி தவறினவர் கடைசிக்குப் போகணும். ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் வந்து நிப்பாங்கம்மா."

"நம்ம தப்பால தேதி தவறியிருந்தா, சார்?"

"அப்படின்னா விதிவிலக்கு உண்டு. ஆனா அத யாராவது எழுதிக் குடுக்கணும்ல?"

அக்கா மேசை மேலிருந்த காகிதத்தை இழுத்து, நின்றபடியே எழுதினார். 'தேதியைத் தொலைபேசியில் சொன்னது நான். கேட்பவருக்குப் புரியும்படி சொல்லவில்லை. தவறு என்னுடையது.' கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது ஃபைலுக்குப் போனா உனக்கு மெமோ வரும். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு கரும்புள்ளி இல்ல உன்மேல. யோசிச்சுக்க."

"மெமோ வந்தா கண்ணு போகாது சார்."

அவர் இரண்டு முறை படித்துவிட்டு அனுமதித்துக் கையெழுத்திட்டார். இன்னொன்றும் கேட்டார்: "இதுக்கு முன்னாடி இப்படித் தவறினவங்க?" அக்கா அந்தப் பட்டியலையும் கையோடு கொண்டுவந்திருந்தார். நாற்பத்தாறு பேர். காலியாகும் இடங்களில் இனி அவர்களுக்கே முன்னுரிமை என்று அந்தத் தாளின் ஓரத்தில் எழுதி வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்.

கூடம் காலியாகியிருந்தது. துடைப்பக்காரர் ஓட்டுநரின் பாதத்தைத் தூக்கச் சொல்லிப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"இருபதுக்கு மறுநாள்ணே. வியாழக்கிழமை. காலைல எட்டரை. திருப்பிச் சொல்லுங்க."

"இருபதுக்கு மறுநாள். வியாழன். எட்டரை." ஓட்டுநர் நாற்பத்திரண்டு காலடி தள்ளியிருந்த கதவை, முகத்தை முழுக்கத் திருப்பிப் பார்த்தார். "ஏழரைக்கே வந்துருவேன் தங்கச்சி."

பிறகு ஐந்தாம் சன்னலில் எந்த வாயும் 'இருபத்தொன்று' என்று சொல்லவில்லை. இருபத்தொன்பது 'முப்பதுக்கு முந்தின நாள்' ஆயிற்று. பதினொன்று பத்துக்கு மறுநாளானது. பல் பிரிவும் எலும்புப் பிரிவும் இதைக் கேலி செய்துகொண்டே கடன் வாங்கிக்கொண்டன. கேலியில் ஒட்டிக்கொண்டதுதான் அந்தப் பட்டப்பெயர்.

மெமோ பதினோராம் நாள் வந்தது. அக்கா விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, நகலை மேசை இழுப்பறையில் தலைவலி மாத்திரைக்குக் கீழே வைத்தார். அடுத்த இருபத்தொன்றாம் தேதி இருபத்து நான்கு பேரில் இருபத்து மூன்று பேர் வந்தார்கள். வராதவர் ஓட்டுநர் இல்லை. அவரை ஆறாவதாகக் கூப்பிட்டார்கள். இடது கண்ணில் பார்வை பெரும்பாலும் இருக்கிறது, அதைக் காப்பாற்றிவிடலாம் என்று மருத்துவர் மருந்தை மாற்றிக் கொடுத்தார். இனி அவர் பேருந்து ஓட்ட முடியாது. டிப்போவில் வருகைப் பதிவேடு பார்க்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

கண் பிரிவில் மருத்துவர்கள் இன்னும் இரண்டு பேர்தான். காத்திருப்பு நூற்றுத் தொண்ணூற்றாறு நாளாக இறங்கியிருக்கிறது. ஓட்டுநர் மறுபடி வர வேண்டியது அடுத்த மாதம், முப்பதுக்கு முந்தின நாள், திங்கட்கிழமை காலை எட்டரை. சனிக்கிழமை இரண்டு மணிக்குச் சன்னலை மூடியதும் அக்கா அவருக்குப் போன் செய்வார்.