பேத்தியின் சும்மா நேரம்

போன செவ்வாய்க்கிழமை, திருவள்ளூரில் ஒரு ஆஸ்பத்திரியில், திரைச்சீலையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். அறிவுள்ளவன் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். திரைக்கு அந்தப் பக்கம் என் மகள் சங்கீதா. அவள் மடியில், பிறந்து பதினேழே நாளான என் பேத்தி.

பேத்தி அவசரக்காரி. எட்டாம் மாதம் தொடங்கியதுமே வந்துவிட்டாள். எடை ஒன்றரைக் கிலோ — சங்கீதாவின் லேப்டாப்பே அதைவிடக் கனம். கண்ணாடிப் பெட்டி, மூக்கில் குழாய், குழாய் வழியே பால்... இப்போது தாயிடம் நேரடியாகக் குடிக்கப் பழக வேண்டும். பழகிவிட்டால் குழாயை எடுத்துவிடலாம், வீட்டுக்குப் போகலாம்.

பழகாவிட்டால்?

“இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும்” என்றார் டாக்டர், நிதானமாக. அதற்குள் அவள் மூக்கில் குழாயோடு எல்.கே.ஜி. போவதுவரை நான் கற்பனை செய்து முடித்திருந்தேன்.

பதற்றம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள். நான் வேலை பார்ப்பேன். உங்களோடு வாராவாரம் அரட்டை அடிப்பது போக, காக்களூரில் ஒரு பம்ப் கம்பெனியில் எனக்கு சூப்பர்வைசர் உத்தியோகம். ஆட்களின் பின்னால் ஸ்டாப்வாட்ச்சோடு நின்று, கை ஓடிய நேரம் எவ்வளவு, சும்மா இருந்த நேரம் எவ்வளவு என்று இரண்டு கட்டம் போட்டு எழுதுவேன். இருபத்தாறு வருடப் பழக்கம்.

ஆகவே... ஆமாம், நீங்கள் நினைப்பது சரிதான். மாப்பிள்ளைக்குக் கும்மிடிப்பூண்டியில் ஷிஃப்ட். தடுக்க ஆளில்லை. போனில் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டினேன். பேப்பரில் இரண்டு கட்டம் போட்டேன்.

“ஆரம்பிச்சிட்டாளாம்மா?”

“ம்.”

“குடிக்கிறாளா?”

“குடிக்கிறாப்பா.”

“இப்போ?”

“நின்னுட்டா.”

“ஏன் நின்னா? காலைச் சுரண்டு! தூங்க வுடாத!”

“அப்பா, நீ கத்துறதுல பக்கத்து பெட்டு கொயந்த எயுந்துகிச்சு!”

குடித்த நேரம் நாலு நிமிடம். சும்மா இருந்த நேரம் பதினொன்று. கம்பெனியாக இருந்தால் மெமோ கொடுத்திருப்பேன்.

பேப்பரோடு ஸ்டெல்லா சிஸ்டரிடம் ஓடினேன். அந்த வார்டில் குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் குடிக்கப் பழக்குபவர். டாக்டர்களே அவரிடம் ஓர் அடி தள்ளி நின்றுதான் பேசுவார்கள்.

“சிஸ்டர், முக்கால்வாசி நேரம் சும்மாவே இருக்கா. ஏதாவது டானிக்கு...”

பேப்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இன்னா சார் இது, சும்மா நேரம்?”

“குடிக்காம நிக்கிறது, சிஸ்டர்.”

“அப்போ மூச்சு எப்ப சார் வுடும் அது?”

நான் பேப்பரில் இரண்டாவது கட்டத்தைப் பார்த்தேன்.

“உறிஞ்சணும், முழுங்கணும், மூச்சு வுடணும். உங்களுக்கும் எனக்கும் தானா வருது. அது மாசம் முடியறதுக்குள்ள வந்த புள்ள. மூணையும் சேத்து செய்ய இப்பதான் கத்துக்கினு கீது. நாலு வாய் குடிச்சிட்டு நின்னா, நல்லா கத்துக்குதுன்னு அர்த்தம். நிக்காம குடிச்சாதான் நான் பயப்படுவேன்.”

திரைக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது. “அப்பா! எம் பொண்ணு மூச்சு வுடுறத வேஸ்ட்டுன்னா எழுதிக்கினு இருந்த?”

உள்ளே ஒரே சிரிப்பு. பக்கத்துப் பெட்டில் இருந்த பொதட்டூர்பேட்டைப் பெண், தையல் பிரிந்துவிடப் போகிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம்.

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஏதோ குத்தியது. இருபத்தாறு வருடமாக அந்த இரண்டாவது கட்டத்தில் யார் யாருடைய மூச்சையெல்லாம் எழுதித் தள்ளியிருப்பேன்?

சிஸ்டர் என் போனைப் பிடுங்கி ஜன்னல் மேல் வைத்தார். “நீங்க பதறுனா உங்க பொண்ணும் பதறும். அது பதறுனா பால் எறங்காது. அடுத்த வாட்டி ஒரு சத்தம் வந்திச்சு, கேட்டுக்கு வெளியதான் நிப்பீங்க.”

இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி. வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு திரைக்குப் பின்னால், மிக மெல்ல... க்ளக். இன்னொரு க்ளக். அப்புறம் ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. ‘காலைச் சுரண்டு’ என்கிற வார்த்தை தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். உள்ளேயும் ஒரு விழுங்கல் — க்ளக்!

கால் மணி நேரம் இப்படியே போனது. உள்ளேயிருந்து சங்கீதா கேட்டாள்:

“சிஸ்டர், எங்கப்பா நல்லா கீறாரா கொஞ்சம் பாருங்க. சத்தமே காணோம்.”

வியாழக்கிழமை குழாயை எடுத்துவிட்டார்கள். அழுதேன். சத்தம் வராமல்தான் — சிஸ்டர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.