இரண்டாவது டிக்

"...காலீலர்ந்து ஒரே ஒரு டிக்குதான் வருது நைனா. இன்னா பண்ண நீ?"

எதிர் வீட்டு அக்கா எதையும் குறையாகச் சொல்ல மாட்டார். விசாரிப்பது போலத்தான் கேட்பார். துறைமுகத்தில் வேலை பார்த்த அவர் கணவர் போன வருடம் இறந்துவிட்டார். அவருடைய போன் இன்னும் சார்ஜரில்தான் கிடக்கிறது. அதற்கு அக்கா தினமும் வாட்ஸ்அப்பில் மெசேஜ் அனுப்புவது காலடிப்பேட்டையில் எங்கள் சந்துக்கே தெரியும். அது போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக இரண்டு டிக் விழுந்தால்தான் அடுப்பங்கரைக்குப் போவார்.

"சிம்மு எப்பவோ பூட்ச்சி. உன் வைஃபைலதான் அது ஓடிகினு கீது."

எனக்குப் புரிந்துவிட்டது. ஏஐ ஏஜென்ட்டுகள் தாங்களாகவே வைஃபை அமைக்க உதவும் ஒரு கருவிக்கு நான் கையேடு எழுதுகிறேன். அந்தக் கையேட்டைப் படித்துத்தான் அவை வேலை செய்யும். முந்தின நாள் என் வீட்டு வைஃபையிலேயே ஓர் ஏஜென்ட்டை ஓட்டிப் பார்த்தேன். 'அடையாளம் தெரியாத போன்களைத் துண்டிக்கவும்' என்று நான் எழுதியிருந்ததை அது அப்படியே செய்துவிட்டது.

"யார் போனுன்னு ஒரு வார்த்த கேக்காதா உன் மிஷினு? கொசுவாட்டம் அட்ச்சித் தள்ளிடுமா?"

வாசலில் வந்து கேட்க எல்லா ஊரிலும் ஓர் அக்கா இருக்க மாட்டார். துண்டிக்கும் முன் வீட்டில் இருப்பவர்களைக் கேட்கவும் என்று அந்த வரியை மாற்றினேன். பிறகு அந்தப் போனை மறுபடி சேர்த்தேன். அக்கா என் வாசலிலேயே நின்று ஏதோ டைப் செய்தார். திறந்து கிடந்த எதிர் வீட்டுக்குள்ளிருந்து 'டிங்' என்று சத்தம் வந்தது. அவர் சந்தின் அந்தப் பக்கம் போனார். கணவரின் போனை எடுத்து, தான் அனுப்பியதைத் திறந்து படித்தார்.