இடப்பக்கம் போன பந்து

மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் மீட்டர் பரிசோதகராக இருந்தவர் அவர். ஊரே ‘மீட்டர்’ என்றுதான் கூப்பிடும். சிரித்த முகத்தோடு வரவேற்கிற வீட்டில்தான் முதலில் மீட்டரின் முத்திரையைத் தொட்டுப் பார்ப்பார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் மாறவில்லை.

எழுபத்தொன்றாம் வயதில் மாடிப்படியில் சறுக்கி விழுந்தார். கழுத்தில் தண்டுவடம் நசுங்கி இரண்டு கைகளும் அசையாமல் போயின. மூளை அலைகளை வைத்துக் கணினியை இயக்கப் பழக்கும் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு மகள்தான் கூட்டிப்போனாள். தலையில் ஒயர்கள் கோத்த குல்லா மாட்டினார்கள். வலக்கையை மடக்குவதாக நினைத்தால் திரையில் பந்து வலப்பக்கம் போக வேண்டும். அது பழகிவிட்டால் எழுத்துகளையும் அப்படியே பொறுக்கி எழுதலாம்.

முதல் மூன்று நாளும் பந்து இடப்பக்கமே போனது.

“கவனம் சிதறுதோ என்னவோ,” என்றார் அங்கிருந்த பெண் ஆய்வாளர். பிறகு மகளோடு கதவுக்கு வெளியே நின்று தணிந்த குரலில் பேசினார். ‘ஞாபகம்’ என்ற சொல் மட்டும் உள்ளே வந்து விழுந்தது. மீட்டருக்குச் சுருக்கென்றது. இரண்டு பேரும் சேர்ந்து எனக்குப் புத்தி மட்டு என்று எழுதிவிடப் போகிறார்கள். பந்தைக்கூட வேண்டுமென்றே அந்தப் பக்கம் விடுகிறார்களோ?

சந்தேகப்பட்ட வீட்டில் எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லிவிட்டு மீட்டர் ஓடுகிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். நான்காம் நாள் அதையே செய்தார். கையை நினைக்காமல் மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டபடி இருந்தார்.

“இருபது தடவை நான் எதையுமே நினைக்கல,” என்றார். “பதினேழு தடவை இடப்பக்கம் போயிருக்கு. இந்த மெஷினை யாரை வெச்சும்மா சரிபார்த்தீங்க?”

ஆய்வாளர் தயங்கினார். “இங்க படிக்கிறவங்கதான் ஐயா. எல்லாருக்கும் இருபது, இருபத்திரண்டு வயசு.”

“அவங்க தலையும் என் தலையும் ஒண்ணா?”

அன்று மாலைவரை ஆய்வாளர் பதிவுகளைப் புரட்டினார். மறுநாள் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இளவயசுல வலக்கையை நினைச்சா மூளையோட இடது பாதியிலதான் மாற்றம் நல்லாத் தெரியும். வயசானா ரெண்டு பாதியும் சேர்ந்து வேலை செய்யறது உண்டு. மூளை அலையும் கொஞ்சம் நிதானமா வரும். உங்களுக்கு அப்படித்தான் இருக்கு, மெஷினுக்கு அது புரியாம எல்லாத்தையும் இடப்பக்கம்னே எடுத்துக்குது. உங்க சிக்னலை வெச்சே திரும்பப் பழக்கலாம்.”

“அப்ப இது மறதி இல்லையே?”

“அது வேற, இது வேற ஐயா.”

மீட்டர் தன் மகள் பக்கம் திரும்பினார். “நீ இவங்ககிட்ட என்ன கேட்ட?”

மகள் கைப்பையின் வாரைத் திருகினாள். “ஞாபகசக்தியைச் சோதிக்கச் சொன்னேன்பா. போன மாசம் என் பேரையே மாத்திக் கூப்பிட்டீங்க. பயந்துட்டேன்.”

சந்தேகம் பாதி சரிதான். அது அவருக்குச் சந்தோஷம் தரவில்லை.

“சோதிக்கட்டும்,” என்றார். “ஆனா என்னைப் பத்திப் பேசணும்னா நான் இருக்கிறப்பவே பேசுங்க.”

ஆறு நாள் அவருடைய சிக்னலை மட்டும் வைத்துப் பழக்கினார்கள். ஏழாம் நாள் இருபதில் பதினைந்து முறை பந்து அவர் நினைத்த பக்கம் போனது. ஞாபகச் சோதனையில் இரண்டு கேள்வியைக் கோட்டை விட்டிருந்தார். இந்த வயதில் அது சகஜம் என்றார்கள். அவர் நம்பவில்லை. விடைத்தாளை மகளிடம் கொடுக்கச் சொல்லி, அவளை வரிவரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.