முப்பத்தெட்டில் பத்தாவது

1995 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. மைசூரில் விட்டுவிட்டுத் தூறல். முதல் பிளாப்பியைக் கம்ப்யூட்டரில் செருகினேன்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் என் மகளின் முனைவர் பட்ட ஆய்வு இருந்தது. பட்டுப்புழு நோய் பற்றியது. மாதக் கடைசிக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். கவலை அவளுக்கு இல்லை, எனக்குத்தான். பத்து நாளாக ஹார்ட் டிஸ்க் ‘கிர்க் கிர்க்’ என்று முனகிக்கொண்டிருந்தது.

“ஆறு அத்தியாயத்தையும் ஒரு பிளாப்பியில போட்டாச்சுப்பா. ஸாக்கு, போதும்” என்றாள் மகள்.

“எது முக்கியம்னு எனக்குத் தெரியாது. அதனால எல்லாத்தையும் எடுக்கறேன்.”

“வீட்டையே பேத்து டிரங்குப் பெட்டியில அடைக்கிற மாதிரி இருக்கு.”

நான் பிளாப்பியை மாற்றி மாற்றிச் செருக, என் மனைவி லேபிளில் எண் எழுதினாள். கன்னடப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எண் என்றால் அவள் கைக்குக் கன்னட எண்தான் வரும். “ரயில்வேக்காரருக்குப் பெட்டியை எண்ணலேன்னா தூக்கம் வராது” என்று ஒவ்வொரு ஐந்து பிளாப்பிக்கும் ஒரு தடவை சொன்னாள். முடிந்தபோது மணி பன்னிரண்டு ஐந்து. மொத்தம் முப்பத்தெட்டு. இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன்.

புதன்கிழமை டிஸ்க் செத்தது. அப்போதுதான் மகளுக்கு உறைத்தது: அவளுடைய பிளாப்பியில் அத்தியாயங்கள் மட்டுமே இருந்தன. மூன்று வருடம் புழு வளர்த்து, எடை பார்த்துப் பதித்த அட்டவணைகள் செத்த டிஸ்கிலேயே வேறு இடத்தில் இருந்தன. அவை இல்லாமல் ஆய்வே இல்லை.

வெள்ளிக்கிழமை கடைக்காரர் புது டிஸ்க் பொருத்திவிட்டுப் போனார். பிளாப்பிகளை வரிசையாகக் கொடுத்தேன். ஒன்பது வரை ஒழுங்காகப் போயிற்று. பத்தைச் செருகினேன். இது பத்து அல்ல என்றது திரை. எடுத்துத் துடைத்துச் செருகினேன். அல்ல என்றது. மூன்றாம் முறையும் அதே பதில். மகள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். “ஏன்னா, அது பதினொண்ணு.”

“ஒண்ணும் பூஜ்யமும் ரெண்டுமே வட்டமா இருக்கே! இது பத்துதானே?”

“கன்னட ஒண்ணுக்குக் கீழே வாய் திறந்திருக்கும். பூஜ்யத்துக்கு மூடியிருக்கும்.”

“எங்கே திறந்திருக்கு?”

“கொஞ்சமா திறந்திருக்கு. முப்பத்திரண்டு வருஷமா இந்த ஊர் பஸ்ஸில ஏறறேளே, இதுகூடத் தெரியாம எங்கெங்க போய் இறங்கினேளோ!”

மகள் சிரித்துவிட்டாள். அடுத்த பிளாப்பியை எடுத்து அவளே செருகினாள். திரை ஏற்றுக்கொண்டது. இருபது, இருபத்தொன்று, முப்பது, முப்பத்தொன்று நான்கையும் மனைவியிடமே நீட்டி, எது எது என்று கேட்டுக் கேட்டு வாங்கினேன்.

கடைசியில் அட்டவணைகளைத் திறந்து எண்ணினேன். நூற்றுப் பதினேழு. ஒன்றுகூடக் குறையவில்லை. மகள் என் தோளில் கை வைத்து, “சரிப்பா, நீங்க சொன்னதுதான் சரி” என்றாள். முப்பது வருட ரயில்வே வேலையில் எந்த மேலதிகாரியும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

புது டிஸ்க் உத்தரவாதத்தில் வந்தது. நான்கு பெட்டி பிளாப்பி தொள்ளாயிரத்து நாற்பது, கடைக்குப் போய்வர ஆட்டோ இருபத்திரண்டு. ஆக மொத்தம் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு ரூபாய்.