ஸ்வீட் பாக்ஸ் வாங்கினால் ஸ்டாஃபாம்

ஹெப்பாளில் ஒரு பம்ப் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சர்வர் மென்பொருளுக்கு எங்கள் ஊழியர்களுக்கான லைசென்ஸ் மட்டுமே வாங்கியிருந்தோம். போன வருடம், வெளியூர் டீலர்களும் மோடம் வழியாக அதில் ஸ்டாக் பார்க்கட்டும் என்றார் மேனேஜர். வெளியாட்களுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும் என்றேன்.

"ஆயுத பூஜைக்கு நம்மகிட்ட ஸ்வீட் பாக்ஸ் வாங்கறாங்கல்ல? அப்ப அவங்களும் நம்ம ஸ்டாஃப்தான். சும்னே இருப்பா" என்று பாதிக் கன்னடத்தில் என் வாயை அடைத்தார்.

லைசென்ஸை ஸ்வீட் பாக்ஸ் வைத்து அளக்கிற மேதையிடம் என்ன பேசுவது? டீலர்களுக்கும் இணைப்புக் கொடுத்தேன்.

சில மாதங்களில், மென்பொருள் விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் சோதனைக்கு வந்தார். சர்வரில் இருக்கும் பெயர்களெல்லாம் யார் என்று கேட்டார்.

"எல்லாரும் எங்க ஸ்டாஃப்தான் சார்" என்று மேனேஜர் கூசாமல் சொன்னார்.

பம்ப் எடுக்க வந்து அங்கே உட்கார்ந்திருந்த கொள்ளேகால் டீலர் நிமிர்ந்தார். "அப்படீங்களா? அப்ப எங்களுக்கு போனஸ் எப்பங்க?"

வந்தவர் சிரித்துவிட்டார். அதனால் பிழைத்தோம். வழக்குப் போடாமல், டீலர்களுக்கும் லைசென்ஸ் வாங்க அவகாசம் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போதெல்லாம் யாருக்கு இணைப்புக் கேட்டாலும், அவருக்குச் சம்பளம் தருவது யார் என்று கேட்ட பிறகே கொடுக்கிறேன். மேனேஜரும் பாடம் கற்றுக்கொண்டார். இந்த ஆயுத பூஜைக்கு அந்தக் கொள்ளேகால்காரருக்கு மட்டும் ஸ்வீட் பாக்ஸ் கிடையாது.