கூலி கேட்காத அப்பம்

இஸ்திரிக்காரர் அந்த ஆலயத்துக்கு மாடாய் உழைத்தார். பெஞ்சு துடைப்பார், கழிவறை கழுவுவார், மழை வந்தால் கூரையேறி ஓட்டை அடைப்பார். போதகர் பாராட்டும்போதெல்லாம் தலை தானாகக் குனியும். அடக்கம் என்று சபை நினைத்தது. அடக்கமாவது மண்ணாங்கட்டியாவது! அது வெட்கம்.

சலவைக்கூடத்தில் அவரும் அண்ணன் மனைவியும் பக்கத்துப் பக்கத்து மேசை. அண்ணன் செத்தபின் அந்த வேலைதான் அண்ணிக்குச் சோறு போட்டது. ஒருநாள் பாடகர் குழுவின் வெள்ளை அங்கி ஒன்று வந்தது. பார்வைக்குப் பருத்தி, உள்ளபடி பாலியெஸ்டர். இஸ்திரிக்காரர் பருத்திச் சூட்டிலேயே தேய்த்துவிட்டார். துணி உருகி இஸ்திரிப் பெட்டியில் பிசினாய் ஒட்டிக்கொண்டது. அண்ணி தண்ணீர் குடிக்கப் போயிருந்த நேரம். அங்கியைப் பெட்டியோடு அண்ணியின் மேசைக்கு நகர்த்தினார். முதலாளி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. கூலிக்காரியை விசாரிப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். அன்றே அண்ணியைத் துரத்தினார். இப்போது அண்ணி அடுக்குமாடிப் படிக்கட்டுகளைத் தேய்க்கிறார்.

ஒரு ஞாயிறு, ஆலயத்தில் திருவிருந்து நேரம். கைமாறி வந்த அப்பத் தட்டை இஸ்திரிக்காரர் ஒரு துண்டும் எடுக்காமல் நகர்த்தினார். பக்கத்தில் இருந்த அண்ணி தட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏன் தம்பி, எப்பவும் எடுக்கவே மாட்டேங்கறீங்க?"

"இன்னும் தகுதி வரல அண்ணி. கொஞ்சம் உழைச்சுக்கறேன்."

"உழைச்சு வாங்கித் திங்க இது என்ன கேன்டீனா? டோக்கன் எங்க?"

"அண்ணி... அந்த அங்கி..."

"என் மேசையில இருந்தது உங்க பெட்டி. எனக்குத் தெரியாதா? அன்னைக்கே மன்னிச்சாச்சு. நீங்கதான் இன்னும் கக்கூஸ் கழுவிட்டிருக்கீங்க."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"உங்க பிள்ளைங்களும் பட்டினி கிடக்கவா? குடுக்கிறவரை நம்பி கையை நீட்டுங்க தம்பி. அவ்வளவுதான்."

நாலு பேர் முன்னால் காறித் துப்பியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. ஒரு துண்டை எடுத்து, யாரையும் பார்க்காமல் விழுங்கினார்.

மன்னிப்பு கிடைத்துவிட்டது. ஆனால் அண்ணியின் முழங்கால் இன்னும் படிக்கட்டில்தான். மன்னித்தவள் பெருந்தன்மைக்காரி என்பதால் நடந்த அநியாயம் நியாயமாகிவிடாது. மறுநாள் காலை இஸ்திரிக்காரர் முதலாளியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"பைத்தியமாய்யா உனக்கு? இப்ப உன் வேலையும் போகும்."

"போகட்டும். அவங்களைத் திரும்பக் கூப்பிடுங்க."

"யோசிக்கலாம், போ."

அவரால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை. ஆனால் இடத்தைவிட்டு நகரவும் இல்லை.

"இப்பவே கூப்பிடுங்க முதலாளி," என்றார்.