திரையில் நின்ற வெறும் கட்டில்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கலைக்கூடத்தில், கனடாவிலிருந்து வந்த ஈழத் தமிழ்க் கலைஞர் ஒருவர் கலைப் புரவலர்களிடம் பேசினார். ஒலி, விளக்கு, திரை மூன்றும் என் பொறுப்பு. அவர் கை காட்டினால் நான் படத்தை மாற்ற வேண்டும்.

தன் தாயார் இறந்த மருத்துவமனைக் கட்டிலைப் படமெடுத்திருந்தார். விரிப்பு மாற்றிய வெறும் கட்டில் திரையில் வந்தது. முந்தைய மாதம் கிள்ளானில் அப்பா இறந்ததும் நான் பார்த்ததும் அப்படியொரு கட்டிலைத்தான். கலைஞர் கை காட்டினார். என் விரல் நகரவில்லை.

"என்னம்மா, தூங்கிட்டியா? அடுத்தது போடு லா," என்று மேலாளர் பின்னாலிருந்து அதட்டினார்.

கலைஞர் என் முகத்தைப் பார்த்தார். "நான்தான் இதைக் கொஞ்ச நேரம் விடச் சொன்னனான்," என்று அவையிடம் சொல்லிவிட்டு மௌனமாக நின்றார்.

சடங்கு வேலைகளை ஆளாளுக்குப் பிரித்துக் கொடுக்கும் அலைச்சலில் அப்பாவுக்காக நான் அழவே இல்லை. அந்த இருட்டில் அழுதேன். என் அப்பாவுக்காக ஒரு கூட்டமே அமைதி காத்தது. அது அவர்களில் யாருக்கும் தெரியாது.